கடைமடையில் நின்று மேட்டூரை எடைபோடுதல்

கல்லணையில் தலைப்பெடுக்கும் கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ‘புது ஆறு’ என்றுதான் சொல்வார்கள். 1934இல் தண்ணீர் விடப்பட்ட கால்வாய் அது. தஞ்சாவூர் நகரைத் தொட்டுக்கொண்டு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதிக்குள் நுழைகிறது. 148 கிலோமீட்டர் ஓடி, கடற்கரைக்குச் சற்று முன்னால் மும்பாலை ஏரியில் முடிகிறது. மேட்டூர் அணையிலிருந்து கணக்கிட்டால், காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வந்தால்தான் மும்பாலையை எட்டும்.

அந்தத் தண்ணீர் கிளம்பும் இடத்தில் மின்சாரமும் எடுக்கிறார்கள். நிலக்கரியோ எண்ணெயோ எரிக்காமல், ஆண்டுதோறும் மழை நிரப்பித் தருகிற நீரிலிருந்து வரும் மின்சாரம். இன்று புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றதும் கமுதியின் சூரியத் தகடுகளும் ஆரல்வாய்மொழியின் காற்றாடிகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் அந்த வரிசையைத் தொடங்கி வைத்தவை நீலகிரியின் பைக்காராவும் காவிரியின் மேட்டூரும்தான். இத்தகைய பெரிய திட்டங்கள் போட்ட பணத்துக்குப் பலன் தந்தனவா, அதைச் சரியாக எடைபோட முடியுமா என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. அந்த விவாதத்துக்குத் தமிழ்நாட்டிடம் 90 ஆண்டு நீளமுள்ள சாட்சி ஒன்று இருக்கிறது. மேட்டூரை அணைக்கட்டின் மேல் நின்று பார்க்காமல் புதுக்கோட்டையிலிருந்து பார்த்தால், எந்தக் கணக்கு எழுதப்பட்டது, எது எழுதப்படாமலே போனது என்பது தெரியவரும்.

கட்டுவதற்கு முன்பே மேட்டூர் ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அரசு பாசன வேலைகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தது. ஒன்று, கடன் வாங்கிக் கட்டி வருவாய் எடுக்கும் வேலை. மற்றது, லாபம் வராவிட்டாலும் பஞ்சத்தைத் தடுப்பதற்கான வேலை. முதல் வகையில் இடம்பிடிக்க, வேலை முடிந்த 10 ஆண்டுகளுக்குள் போட்ட முதலுக்கான வட்டியை அது ஈட்டித் தர வேண்டும். வருவாய் என்றால் அரசுக்கு வரும் வருவாய்: புதிதாக நஞ்சையாகும் நிலத்தின் தீர்வை, தண்ணீர்த் தீர்வை ஆகியவை. விவசாயி வீட்டில் எத்தனை மூட்டை கூடுதலாக இறங்கியது என்பதை அந்தப் பரீட்சை கேட்கவில்லை.

கர்னல் டபிள்யூ. எம். எல்லிஸ் 1910இல் தயாரித்த திட்டம் இந்தக் கணக்கோடுதான் போனது. அதே சமயத்தில் மைசூர் சமஸ்தானம் கண்ணம்பாடியில் தன் அணைக்கு அடிபோட்டதால், இரண்டு அரசுகளுக்கும் தகராறு மூண்டது. 1914இல் நடுவர் கிரிஃபினின் தீர்ப்பு, அதன்மேல் சென்னை அரசின் முறையீடு, பேச்சுவார்த்தை என்று இழுத்து, 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் இரண்டு எண்கள் முக்கியமானவை. மேட்டூரில் 93,500 மில்லியன் கனஅடி, அதாவது 93.5 டிஎம்சி வரை தேக்கலாம். அதைக் கொண்டு புதிதாக 3,01,000 ஏக்கர் வரை பாசனம் செய்யலாம். 1925 ஜூலையில் வேலை தொடங்கியது. 4 கோடியே 80 லட்சம் ரூபாயில் எழுந்த அணையை 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்து வைத்தார்.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1924இல், ஜூலை மாதத்தில், காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அணையின் வடிவமைப்பில் உபரிநீர்ப் போக்கியின் அளவை அந்த வெள்ளம் மாற்றியது. எல்லிஸின் பெயரைத் தாங்கிய 16 கண் மதகு இன்றும் மேட்டூரின் அடையாளம். இந்த மதகும் தேக்கமும் அதற்குப் பிறகு டெல்டாவில் எத்தனை உடைப்புகளைத் தடுத்தன? நடக்காமல் போன ஒன்றுக்கு விலை போட எந்தத் தணிக்கையாளரிடமும் பேரேடு இல்லை. வெள்ளத் தடுப்பின் பலன் இருப்பதை யாரும் மறுக்க முடியாது, ரூபாயில் எழுதவும் முடியாது. மேட்டூரை எடைபோடுவதில் வந்த முதல் சிக்கல் இது.

இரண்டாவது சிக்கல் எல்லைக்கோட்டில் இருந்தது.

1934இல் புதுக்கோட்டை என்பது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். பரப்பு 1,179 சதுர மைல். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என மூன்று தாலுகாக்கள். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பிரிட்டிஷ் நிலம். ஆகவே கால்வாயின் ஆயக்கட்டு தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ளேயே திட்டமிடப்பட்டது. சமஸ்தானத்து நிலத்தின் தீர்வை சென்னைக் கஜானாவுக்கு வராது. வருவாயை மட்டும் கேட்கும் பரீட்சையில் அந்த நிலத்துக்கு எடையே கிடையாது. கால்வாய் தெற்கே இறங்கிய காலத்தில், அதற்கு மேற்கே இருந்த செம்மண் மேட்டு நிலம் பெரும்பாலும் வானத்தையும் கண்மாயையும் நம்பியே இருந்தது.

கண்மாய்களுக்குக் குறைவில்லை. இன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஒன்றின் கலிங்கில் வழியும் தண்ணீர் வரத்துவாரி வழியே அடுத்ததற்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மதகும் குமிழித் தூம்பும் செய்து கொடுத்தவர்களின் பெயர்களைப் பல நூற்றாண்டுகளாகக் கல்லில் வெட்டி வைத்த நாடு இது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகளை 1929இல் தொகுத்து அச்சிட்டபோது அவை புத்தகமாகவும் ஆயின. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி ஏரி குளங்களைச் செப்பனிட்டதில் பெயர் எடுத்தார். ஒரு கண்மாயின் மதிப்பை ஊர்க்காரர்கள் அறிந்த விதமே வேறு. எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும், எந்த மடைக்கு முதல் முறை, கிணற்றில் ஊற்று எவ்வளவு ஏறும், மீன் குத்தகை என்ன போகும், கரையில் கருவேலம் எவ்வளவு தேறும் என்றுதான் கணக்கு. சென்னையில் வட்டிக் கணக்கு பார்த்தவர்களுக்கு இந்த அளவைகள் எதுவும் பழக்கமில்லை.

அணையின் மறுபக்கத்திலும் பேரேட்டுக்கு வெளியே விழுந்தவை உண்டு. நீர்த்தேக்கத்தின் அடியில் ஊர்களும் கோயில்களும் நிலங்களும் மூழ்கின. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டுவது செய்தித்தாள்களுக்கு வழக்கமான படம். நிலத்துக்குக் கொடுத்த இழப்பீட்டுத் தொகை அணைச் செலவில் ஒரு வரியாக ஏறியது. ஊர் கலைந்ததற்கு வரி எதுவும் எழுதப்படவில்லை.

மின்சாரம் பின்னால்தான் வந்தது. பைக்காரா 1930களின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கி, கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருக வழி செய்திருந்தது. சென்னை நிர்வாகக் குழுவில் இருந்த சி.பி. ராமசாமி ஐயர் இரண்டு திட்டங்களுக்குமே அழுத்தம் கொடுத்தவர். மேட்டூர் அணை மின்நிலையம் 1937இல் திறக்கப்பட்டது. 10 மெகாவாட் அளவில் நான்கு இயந்திரங்கள் படிப்படியாக நிறுவப்பட்டன. ஈரோடு வழியாக அது பைக்காராவோடு இணைந்தது. கம்பிகள் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமும் நீண்டன. 1930களின் பிற்பாதியில் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ், மின்சாரத்தை வாரி உண்ணும் இரசாயனத் தொழிலை அணையின் காலடியிலேயே அமைத்தது. 1960களில் 200 மெகாவாட் சுரங்க மின்நிலையம் சேர்ந்தது. அதன்பின் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றின் போக்கிலேயே கதவணைகள் கட்டி, அதே தண்ணீரை மீண்டும் மீண்டும் சுழலியில் ஓடவிட்டார்கள்.

ஆனால் மேட்டூரில் மின்சாரம் எசமான் அல்ல. வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பு, ஜனவரி 28 அன்று மூடல் என்பது பாசனத்துக்கான நாட்காட்டி. பயிருக்குத் தண்ணீர் திறந்தால் சுழலி ஓடும். மூடினால் குடிநீருக்கு விடும் அளவில்தான் ஓடும். மின்தேவை உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மேட்டூரின் பெயர்ப்பலகைத் திறனைப் பார்த்து யாரும் திட்டம் போட முடியாது. திறன் வேறு, உற்பத்தி வேறு, வேண்டிய நேரத்து உற்பத்தி வேறு. சூரிய மின்சாரத்தைப் பற்றி இன்று பேசும்போது சொல்லப்படும் இந்த மூன்று வேறுபாடுகளும் 1937லேயே மேட்டூரில் இருந்தன.

இன்னொரு புதிரும் சேர்ந்தே வந்தது. அணை ஒன்று, பயன் இரண்டு என்றால் 4.80 கோடியை யார் தலையில் எவ்வளவு எழுதுவது? முழுவதையும் பாசனத்தில் எழுதினால் மின்சாரம் ஏறக்குறைய இனாமாக வந்ததுபோலத் தோன்றும். பாதியை மின்சாரத்துக்கு மாற்றினால் பாசனம் வருவாய்ப் பரீட்சையில் எளிதாகத் தேறிவிடும். அணையில் ஒரு கல்லும் இடம் மாறாது. லாபமும் நட்டமும் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் நகரும். அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம் மூன்றுக்கும் அணைச் செலவைப் பங்கிடுவதில் இதே இக்கட்டில் மாட்டியது. 1936இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வெள்ளத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, மொத்தப் பலன் செலவை மிஞ்ச வேண்டும் என்பது அதன் விதி. செலவு-பலன் ஆய்வு என்று இன்று உலகம் முழுவதும் நடக்கும் முறைக்கு அந்தச் சட்டம் ஒரு முக்கிய ஊற்றுக்கண். கஜானா வருவாயிலிருந்து சமூகத்தின் பலனுக்கு அளவுகோல் மாறிய இடம் அது. சென்னையில் அந்த மாற்றம் வரச் சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1950களின் பிற்பகுதியில் திட்டக் குழு, தாமோதர், சாரதா போன்ற பழைய கால்வாய்களை எடுத்து, இவற்றால் உண்மையில் என்ன நடந்தது என்று ஆராயச் சொன்னது. தெற்கே தேர்வானது மேட்டூர். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் கே. எஸ். சோணாசலத்தின் காவிரி மேட்டூர்த் திட்டச் செலவு-பலன் மதிப்பீடு 1963இல் வெளிவந்தது. இந்தியாவில் ஒரு பெரிய அணைத் திட்டத்தைக் கட்டி முடித்த பின் திரும்பிப் பார்த்த தொடக்க கால முயற்சிகளில் அது ஒன்று. ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிடுவதா, ‘திட்டத்தோடு, திட்டம் இல்லாமல்’ என்று ஒப்பிடுவதா என்பதுதான் இத்தகைய ஆய்வுகளுக்கு எப்போதும் தொண்டையில் சிக்கும் முள். முன்பு, பின்பு என்று பார்த்தால், இடையில் வந்த உரமும் ரயிலும் விலையேற்றமும் சேர்ந்து அணையின் வரவில் ஏறிவிடும். திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த நிலம் என்னவாகியிருக்கும் என்று பார்க்கப் போனால், அப்படி ஒரு நிலத்தைப் பக்கத்திலேயே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேட்டூருக்கு அப்படி ஒரு நிலம் வரலாறு தந்த கொடையாகவே அமைந்திருந்தது. பருவமழை ஒன்றே, கடற்கரைத் தொலைவும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு பக்கம் கால்வாய் வந்த அறந்தாங்கிப் பகுதி, மறுபக்கம் வராத சமஸ்தானம். மண் வேறு, நிர்வாகம் வேறு என்பதால் முழு ஒப்பீடு ஆகாதுதான். ஆனாலும் 1934க்கு முன்பு இரு பக்கத்திலும் கிணற்று ஆழம், கண்மாய் நிறைந்த நாள், நெல் விளைச்சல் ஆகியவற்றை ஒரே படிவத்தில் எழுதி வைத்திருந்தால், பின்னால் வந்தவர்களுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். இரண்டு அரசுகளுக்கு இரண்டு பதிவு முறைகள் இருந்தன. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்தில் கரைந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அறந்தாங்கியும் உள்ளே வந்தது. கால்வாயின் வால் அப்போதுதான் புதுக்கோட்டைக்குச் சொந்தமானது.

மதிப்பிடும் ஆண்டைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். மேட்டூர் திறந்த நேரம் உலகப் பெருமந்தம். நெல் விலை சரிந்து கிடந்தது; புதிய ஆயக்கட்டுக்காரர் நிலத்தைத் திருத்தவும் தண்ணீர்த் தீர்வை கட்டவும் திணறிய காலம். 1935இல் கணக்கு முடித்திருந்தால் மேட்டூருக்குச் சிவப்பு மைதான் கிடைத்திருக்கும். பத்தே ஆண்டில் போர் வந்தது, பர்மா அரிசி நின்றது, வங்காளத்தில் பஞ்சம் வந்தது. அப்போது டெல்டாவின் ஒவ்வொரு மூட்டைக்கும் வேறு மதிப்பு. அதே அணை, அதே ஏக்கர், அதே தண்ணீர்.

அதன் பிறகு தண்ணீரே மாறிவிட்டது. 1970களிலிருந்து கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் எழுந்தன. 1990இல் காவிரி நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் திருத்தம் என்று போய், தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று நின்றது. ஜூன் 12 திறப்பு பல ஆண்டுகளில் செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் தள்ளிப்போனது; 2012 முதல் 2019 வரை ஒரு முறைகூட உரிய நாளில் திறக்கவில்லை. 2020இல் மீண்டும் ஜூன் 12. 2022இல் வழக்கத்துக்கு மாறாக மே 24லேயே திறப்பு. எல்லிஸ் போட்ட கணக்கில் மாறாத எண்ணாக இருந்த ஆற்று வரத்து, அரசியலாலும் சட்டத்தாலும் மாறும் எண்ணாகிவிட்டது. ஒரு சூரிய மின் நிலையத்துக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போடுபவர்கள், மேலிருந்து வரும் வெயிலை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது என்பதற்கு இந்தக் கதையே போதும்.

ஆற்று வரத்து இப்படி மாறுவதன் பொருள் கடைமடையில் நேரடியானது. கல்லணைக் கால்வாயின் ஆயக்கட்டு இன்று ஏறத்தாழ 2.27 லட்சம் ஏக்கர். அதில் புதுக்கோட்டை மாவட்டத்தின் பங்கு 27 ஆயிரம் ஏக்கர் அளவில். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் தலைமடைக்காரர் நாற்று விட்டு முடிக்கும்போது, நாகுடிப் பக்கத்தில் கால்வாய்த் தரை காய்ந்திருக்கும். இங்கே பல ஏரிகள் கால்வாய்த் தண்ணீரை வாங்கித் தேக்கி வைத்துப் பயிருக்கு விடுகின்றன. பழைய கண்மாய் முறையின் புத்தி புதிய கால்வாயின் குறையை அடைக்கிறது. மாநில அளவில் ‘பாசனம் பெற்ற பரப்பு’ என்று ஒரே கட்டத்தில் எழுதும்போது, ஜூனில் தண்ணீர் கண்ட ஏக்கரும் நவம்பரில் கண்ட ஏக்கரும் ஒன்றாகிவிடுகின்றன.

2021 பிப்ரவரியில் 2,640 கோடி ரூபாயில் கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கரையும் தரையும் கான்கிரீட் ஆனால் கசிவு குறையும். கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் வரும். ஆனால் அந்தக் கசிவுதான் கரையோரக் கிணறுகளின் ஊற்று என்று விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒருவர் கணக்கில் ‘இழப்பு’ என்று எழுதியது இன்னொருவர் வீட்டில் குடிதண்ணீர்.

சமஸ்தானமாக இருந்த உள்பகுதிக்கு மேட்டூர் வேறு வழியில் போய்ச் சேர்ந்தது. காவிரித் தண்ணீர் ஏறாத ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் வட்டாரத்துக்கு மின்கம்பி ஏறியது. சுதந்திரத்துக்குப் பின் கிராம மின்மயமாக்கலில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னே ஓடியது. பம்புசெட்டு வந்தது, கிணறு ஆழ்துளையானது. பூவும் வாழையும் பலாவும் தென்னையும் கொழித்த அந்தத் தோட்டங்கள், கண்மாயை மட்டும் நம்பியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள் காப்பாற்ற நினைத்த பசுமையில் மின்சாரத்துக்கும் பங்கு உண்டு.

எந்த மோட்டாரில் எந்த யூனிட் ஓடியது என்று சொல்ல முடியாது. மேட்டூரும் பைக்காராவும் நெய்வேலியும் ஒரே கம்பியில் கலந்துவிடுகின்றன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானபின் பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை. விவசாயம் எத்தனை யூனிட் உண்கிறது என்பது இன்றும் ஊகக் கணக்கு. மேட்டூரின் மின்சாரம் புதுக்கோட்டைக்குத் தந்த வளமும், அதே மின்சாரம் நிலத்தடி நீரைக் கீழே இறக்கியதும், கண்மாய் மராமத்தில் ஊருக்கு இருந்த அக்கறை தளர்ந்ததும் ஒரே நூலில் கோத்தவை. இவற்றில் எதற்கும் 1925இன் மதிப்பீட்டில் ஒரு பத்திகூட இருந்திருக்க முடியாது. அன்றைய பொறியாளர்கள் தவறு செய்தார்கள் என்பதல்ல காரணம். அப்படி ஒரு மோட்டார் அன்று அவர்கள் கற்பனைக்குள்ளேயே இல்லை.

உலகம் முழுவதும் நிலைமை இதுதான். 2000இல் வெளிவந்த உலக அணைகள் ஆணையத்தின் அறிக்கை, 125 பெரிய அணைகளைச் சரிபார்த்துவிட்டு, கட்டி முடித்த பின் முழுமையாக மதிப்பிடப்பட்ட திட்டங்கள் மிகக் குறைவு என்று குறிப்பிட்டது. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், 1934 முதல் 2007 வரை 65 நாடுகளில் கட்டப்பட்ட 245 அணைகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மைச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 96 சதவீதம் மிஞ்சியிருந்தது. செலவு எவ்வளவு தவறியது என்பதையாவது இப்படிச் சொல்லிவிட முடிகிறது. பலன் எவ்வளவு தவறியது என்று சொல்லும் ஆய்வுகள் அதைவிட அரிது.

காற்றுக்கும் வெயிலுக்கும் வந்தபோது அளவுகோல் மறுபடியும் மாறியது. தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்கட்டமைப்போடு இணைந்த காற்றாலைகள் சுழலத் தொடங்கின. 1990களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றாடிக் காடானது. அதைத் தூண்டியது வரிச் சலுகை. காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம்; 2002இல் இது 80 சதவீதமாகக் குறைந்தது. லாபத்தில் இருந்த ஆலைகளுக்கு, காற்றாடி நட்டாலே வரி மிச்சம். எத்தனை யூனிட் வந்தது என்பது இரண்டாம் கேள்வியாயிற்று. 2009 டிசம்பரில்தான் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று மத்திய அரசு அறிவித்தது. மெகாவாட்டை எண்ணுவதிலிருந்து யூனிட்டை எண்ணுவதற்கு வர இருபதாண்டுக்கு மேல் பிடித்தது.

கமுதி இன்னொரு பாடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் முழுமையானது. அப்போது உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா என்று 25 ஆண்டு ஒப்பந்தம். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 பைசாவுக்கு விழுந்தது. 2015இல் நியாயமாகத் தெரிந்த விலை இரண்டே ஆண்டில் கையைச் சுட்டது. 1935இன் நெல் விலை மேட்டூருக்குச் செய்ததை, தகடுகளின் விலைச் சரிவு கமுதிக்குச் செய்தது. ஆனால் முதலில் அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் இல்லாமல் பிந்தைய மலிவு வந்திருக்குமா என்றும் கேட்கலாம். அந்தப் பங்களிப்பைத் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் வரவில் யாரும் எழுதப்போவதில்லை.

ஆக, பெரிய திட்டங்களை எடைபோட முடியுமா என்பதை ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் குழப்பம். சொன்னதைச் செய்ததா என்பது ஒன்று. 3,01,000 ஏக்கர் என்றார்கள், எத்தனை நனைந்தது. 648 மெகாவாட் என்றார்கள், ஆண்டுக்கு எத்தனை யூனிட் வந்தது. இதற்கு விடை உண்டு; மீட்டரும் வாய்க்கால் பதிவேடும் போதும். வேறொன்றைச் செய்திருந்தால் மேலாக இருந்திருக்குமா என்பது அடுத்தது. 4.80 கோடியில் ஐயாயிரம் கண்மாய்களையும் தூர்வாரியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு வாதம் செய்யலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. யாருக்குக் கிடைத்தது, யாரிடமிருந்து போனது என்பது மூன்றாவது. இதற்கு விடை காண வழி உண்டு. ஆனால் முதல் கல் வைப்பதற்கு முன்பே, ஆயக்கட்டுக்கு வெளியே இருப்பவர்களின் கிணற்றையும் மேய்ச்சலையும் மீன்பாட்டையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் பெரிய நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் அரசின் முன் அனுமதியும் தேவை. காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றன. புகை இல்லாத மின்சாரத்தை விரைவுபடுத்த அது உதவியது உண்மை. திட்டத்துக்கு முந்தைய நிலத்தின் பதிவு சட்டப்படி தேவைப்படாமல் போனதும் உண்மை. அத்தகைய பதிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை ஓர் உதாரணம்: மன்னாரில் 250 மெகாவாட் காற்றாலையால் வலசைப் பறவைகள் பாதிக்கப்படும் என்று இயற்கை ஆர்வலர்கள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலையைப் புதிய அரசு ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் திட்டத்தை எடுத்திருந்த நிறுவனம் விலகிக்கொண்டது. முடிவு சரியா தவறா என்பதில் கொழும்பில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று கையில் இருந்ததால், பறவையையும் விலையையும் தனித்தனியாக எடுத்து வைத்து வாதாட அவர்களால் முடிந்தது. புதுக்கோட்டையின் தரிசு நிலங்களுக்கு நாளை ஒரு சூரியப் பூங்கா வருமானால், அதற்கு முந்தைய ஐந்தாண்டில் பக்கத்துக் கண்மாய்க்கு வந்த நீர்வரத்தையும் அங்கே மேய்ந்த ஆடுமாடுகளின் எண்ணிக்கையையும் பதிவு செய்ய எந்த அலுவலகத்துக்கும் இப்போது கட்டளை இல்லை. அதற்கு ஒரு வட்டாட்சியர் அலுவலகமும் ஒரு நீர்வளத் துறைப் பிரிவும் போதும். திட்டச் செலவில் அது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் தொகை.